கடையில் என்ன பெயர் சொல்லிக் கேட்பது?

சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு முடிந்து பிள்ளைகள் கலைந்தபின், லண்டன் ஈஸ்ட் ஹாமில் மண்டபத்தின் ஓர் ஓரத்தில் மாஸ்டர் பிளாஸ்க்கைத் திறந்து இரண்டு பேருக்கும் தேத்தண்ணி ஊற்றினார். யாழ்ப்பாணத்தில் இரசாயனம் படிப்பித்தவர். இங்கே பல ஆண்டுகளாகச் சம்பளமில்லாமல் தமிழ் படிப்பிக்கிறார். மடிக்கணினியை என் பக்கம் திருப்பினார். "தம்பி, நீங்கள் எழுதித் தந்தது ஏதோ இல்லை எண்டு சொல்லிப்போட்டு நிண்டுட்டுது. என்ன இல்லை எண்டு ஒருக்கால் பாருங்கோ." கறுப்புத் திரையின் அடியில் ஒரே ஒரு வரி. 'கன்வர்ட்' என்றொரு கட்டளை இங்கே இல்லை என்பது அதன் பொருள்.

அந்த ஒரு வரி எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால், லினக்ஸ் கணினியில் இல்லாத மென்பொருளைத் தானாக நிறுவ வைப்பது எப்படி என்பது பெரும்பாலும் விளங்கிவிடும். மாஸ்டருக்கு அன்று சொன்னதையே இங்கே கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். நீங்களும் ஒரு தேநீரோடு உட்காருங்கள்.

முதலில் எங்கள் தேவை. விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. விண்டோஸ் 11ஐ ஏற்காத, ஆனால் நன்றாகவே ஓடுகிற பழைய மடிக்கணினிகள் பல அலுவலகங்களிலிருந்து வெளியே வந்தன. அவற்றில் பதினொன்று எங்கள் வகுப்புக்கு அன்பளிப்பாகக் கிடைத்தன. எல்லாவற்றிலும் உபுண்டு என்ற லினக்ஸைப் போட்டோம். பழைய தமிழ்ப் பாடநூல் பக்கங்களை ஸ்கேன் செய்து, படத்தின் கோணலை நிமிர்த்தி, படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுத்து, பிள்ளைகளுக்குப் பயிற்சித்தாள் ஆக்க வேண்டும். அதற்கு ஐந்தாறு மென்பொருள்கள் தேவை. முதல் கணினியில் அவற்றைக் கையால் நிறுவ ஒரு மாலை முழுவதும் போயிற்று. மிச்சம் பத்துக்கும் ஸ்கிரிப்ட் எழுதினேன். ஸ்கிரிப்ட் என்றால், ஆய்வுகூடத்தில் மாணவன் கையில் கொடுக்கிற செய்முறைத் தாள் மாதிரி. ஒவ்வொரு படியும் ஒரு வரி, மேலிருந்து கீழாகக் கணினி அதைச் செய்துகொண்டே போகும். "முதலில் இருக்கிறதா என்று பார், இல்லாவிட்டால் கொண்டுவந்து வை" என்பதுதான் எங்கள் தாளின் சாரம்.

கொண்டுவந்து வைப்பது எங்கிருந்து? லினக்ஸில் மென்பொருள்கள் பொதிகளாக வருகின்றன. பொதி என்றால் சந்தைக்கு மாடு சுமந்துபோன அதே பொதிதான். உள்ளே சரக்கு, வெளியே ஒரு சீட்டு. இந்தப் பொதியின் பெயர் என்ன, எத்தனையாவது பதிப்பு, இது வேலை செய்ய வேறு எந்தப் பொதிகள் கூட வரவேண்டும் என்பதெல்லாம் அந்தச் சீட்டில் இருக்கும். 1993இல் தொடங்கிய டெபியன் என்ற கூட்டு முயற்சி இந்த முறையை வளர்த்தது. பொதியைப் பிரித்து உரிய இடத்தில் அடுக்குகிற வேலையாள் டிபிகேஜி. அதன் முக்கியப் பகுதிகளை 1990களின் நடுவில் எழுதியவர் இங்கிலாந்துக்காரரான இயன் ஜாக்சன். கூடவே வரவேண்டிய பொதிகளைக் கணக்குப் பார்த்து, பொதிகள் சேர்த்து வைக்கப்பட்டிருக்கும் களஞ்சியத்திலிருந்து வருவிக்கிற ஆள் ஆப்ட். 1999இல் வெளிவந்த டெபியன் 2.1இல் இது முதன்முதலாகச் சேர்ந்தது. சந்தைக்குப் போய் வருகிறவர் ஆப்ட், வீட்டில் அடுக்கி வைக்கிறவர் டிபிகேஜி. இப்படி நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

உபுண்டு டெபியனிலிருந்து கிளைத்தது. அதன் பிறப்பிடம் நாங்கள் தேநீர் குடித்த இடத்திலிருந்து அதிக தூரமில்லை. 2004 ஏப்ரலில், தென்னாப்பிரிக்காவில் பிறந்த மார்க் ஷட்டில்வொர்த் பத்துப் பன்னிரண்டு நிரலாளர்களை லண்டனில் தன் வீட்டில் கூட்டிப் பேசினார். அந்த ஆண்டு அக்டோபர் 20இல் உபுண்டுவின் முதல் பதிப்பு வெளிவந்தது. அவர் தொடங்கிய கனானிக்கல் நிறுவனம் பல ஆண்டுகள் தேம்ஸ் கரையில் மில்பேங்க் டவரிலிருந்து இயங்கியது. இதைக் கேட்டதும் மாஸ்டர் முகத்தில் ஒரு மகிழ்ச்சி. "அப்ப இது எங்கட ஊர்ச் சாமான்தான்" என்றார்.

இனி அந்த ஒற்றை வரிக்கு வருவோம். கறுப்புத் திரையில் நாம் ஒரு கட்டளையைத் தட்டும்போது அதை வாங்கிக்கொள்வது ஷெல் என்ற இடைத்தரகர். அதனிடம் ஒரு சிறு பட்டியல் இருக்கும். இன்ன அலமாரியில் பார், அங்கே இல்லையென்றால் இன்னதில் பார் என்று அலமாரிகளின் வரிசை. இதைப் பாத் என்பார்கள், வழி என்று பொருள். ஷெல் அந்த வரிசைப்படி ஒவ்வொரு அலமாரியாகத் திறந்து, தட்டிய பெயரில் ஒரு கோப்பு இருக்கிறதா என்று பார்க்கும். கடைசி அலமாரியிலும் இல்லையென்றால் 'கிடைக்கவில்லை' என்று எழுதி, 127 என்ற எண்ணைத் திருப்பித் தரும். வேலை சரியாக முடிந்தால் 0, கட்டளையே கிடைக்காவிட்டால் 127. ஸ்கிரிப்டுகள் ஒன்றுக்கொன்று பேசிக்கொள்வது இந்த எண்களால்தான்.

இங்கே எல்லோரும் தடுக்கி விழுகிற கல் ஒன்று இருக்கிறது. நானும் விழுந்திருக்கிறேன். கட்டளையின் பெயர்தான் பொதியின் பெயரும் என்று நினைத்துக்கொள்வோம். 'கன்வர்ட்' இல்லையா, அப்படியானால் 'கன்வர்ட்' என்ற பொதியை நிறுவு என்று ஸ்கிரிப்ட் எழுதிவிடுவோம். அப்படி ஒரு பொதி களஞ்சியத்தில் கிடையாது. ஆப்ட் கையை விரித்துவிடும். இதுதான் அன்று மாஸ்டருக்கு நடந்தது. 'இல்லாவிட்டால் அதே பெயரைக் கொண்டுவா' என்று அவசரத்தில் நான் எழுதிய வரி தோற்றது. தோற்றதைக் கவனிக்காமல் அடுத்த வரி 'கன்வர்ட்'டைக் கூப்பிட்டது. திரையில் அந்தப் புகார் வந்து நின்றது.

லண்டனில் குடும்பம் நடத்துகிறவர்களுக்கு இது புதிதல்ல. மரவள்ளிக்கிழங்கு வாங்கப் போகிறோம். கடைச் சீட்டில் கசாவா என்று எழுதியிருக்கும். வெண்டைக்காய் ஒரு கடையில் ஓக்ரா, இன்னொன்றில் லேடீஸ் ஃபிங்கர், வேறொன்றில் பிண்டி. கத்தரிக்காய் இங்கே ஓபர்ஜீன், ஊரில் பிரிஞ்சால். நம் சமையலறையில் ஒரு பொருளை எந்தப் பெயரால் கூப்பிடுகிறோம் என்பது வேறு. கடைக்காரர் எந்தப் பெயரில் அடுக்கி வைத்திருக்கிறார் என்பது வேறு. கட்டளை சமையலறைப் பெயர், பொதி கடைப் பெயர்.

இதற்கு மேலும் ஒரு சுற்று இருக்கிறது. சில பொருள் தனியாக விற்பதே இல்லை. ஒரு கரண்டி மட்டும் வேண்டும் என்று போனால் ஆறு சாமான் கொண்ட செட்டாகத்தான் தருவார்கள். கணினியின் வலைப்பின்னல் முகவரியைக் காட்டும் பழைய கட்டளை 'இஃப்கான்ஃபிக்'. அது 'நெட்-டூல்ஸ்' என்ற செட்டுக்குள் இருக்கிறது. பிடிஎஃப்பிலிருந்து எழுத்தைப் பிரிக்கும் 'பிடிஎஃப்-டு-டெக்ஸ்ட்' கட்டளை 'பாப்ளர்-யூட்டில்ஸ்' என்ற செட்டுக்குள். படத்தை நிமிர்த்தும் நம்முடைய 'கன்வர்ட்' 'இமேஜ்மேஜிக்' என்ற பெரிய பெட்டிக்குள். கட்டளையின் பெயரைப் பார்த்துப் பொதியின் பெயரை ஊகிக்க எந்த இலக்கணமும் இல்லை. யாரோ ஒருவர் எப்போதோ வைத்த பெயர், அவ்வளவுதான்.

கடை மாறினால் பெயரும் மாறும். இணையப் பெயர்களை விசாரிக்க உதவும் 'டிக்' என்ற கருவியை எடுத்துக்கொள்ளுங்கள். டெபியனிலும் உபுண்டுவிலும் அது 'பைண்ட்9-டிஎன்எஸ்யூட்டில்ஸ்' என்ற பொதியில் வரும். ஃபெடோரா லினக்ஸில் 'பைண்ட்-யூட்டில்ஸ்'. ஆர்ச் லினக்ஸில் வெறும் 'பைண்ட்'. ஒரே கருவிக்கு மூன்று கடைகளில் மூன்று பெயர். அதனால் ஒரு லினக்ஸுக்கு எழுதிய நிறுவல் ஸ்கிரிப்டை இன்னொன்றில் அப்படியே ஓட்ட முடியாது. ஆப்ட் இல்லாத இடத்தில் வேறு ஆள் இருப்பார் என்பது சின்னச் சிக்கல். பெயர்ப்பட்டியலையே திருப்பி எழுத வேண்டியிருப்பதுதான் பெரிய வேலை.

நம் மொழிக்கே இந்தக் கதை உண்டு, அது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. படத்திலிருந்து எழுத்தைப் பிரிக்கிற டெசராக்ட் என்ற மென்பொருளின் பிறப்பிடங்களில் ஒன்று ஹெச்பி நிறுவனத்தின் பிரிஸ்டல் ஆய்வகம். 1985 முதல் 1994 வரை அது ஹெச்பியில் உருவாயிற்று, 2005இல் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. அதற்குத் தமிழ் கற்பிக்கிற பொதி உபுண்டுவில் 'டெசராக்ட்-ஓசிஆர்' என்று தொடங்கித் தமிழுக்கான மூன்று ஆங்கில எழுத்துகளில் முடியும்: டி, ஏ, எம். எழுத்துப்பிழை பார்க்கிற 'ஆஸ்பெல்'லின் தமிழ்ப் பொதி இரண்டே எழுத்தில் முடியும்: டி, ஏ. லோஹித் என்ற தமிழ் எழுத்துருவின் பொதியோ நான்கு எழுத்தில் முடியும்: டி, ஏ, எம், எல். ஒரே தமிழுக்கு மூன்று வால்.

"இதென்ன, ஆளாளுக்கு ஒரு பேர் வைச்சிருக்கினம்?" என்றார் மாஸ்டர். காரணம் இருக்கிறது. உலக மொழிகளுக்குக் குறியீடு தரும் சர்வதேசத் தரங்களில் இரண்டெழுத்து வரிசை ஒன்று, மூன்றெழுத்து வரிசை ஒன்று. இரண்டும் மொழிக்கு உரியவை. நான்கெழுத்துக் குறியீடு எழுத்துமுறைக்கு உரியது. எழுத்துரு காட்டுவது தமிழ் எழுத்தை, எழுத்துப்பிழை பார்க்கும் கருவி கவனிப்பது தமிழ் மொழியை. ஆகவே எழுத்துருவுக்கு நான்கெழுத்து வைத்தது சரியான முடிவு. ஆனால் ஸ்கிரிப்ட் எழுதுகிறவர் மூன்று வாலையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். ஒரு எழுத்து குறைந்தால் பொதி வராது.

அப்படியானால் கடைப் பெயரைக் கண்டுபிடிப்பது எப்படி? அன்று 'கன்வர்ட்' என்ற சொல்லை மாஸ்டரைத் தன் கையாலேயே தட்டச் சொன்னேன். இந்த முறை ஒரு வரியோடு நிற்கவில்லை. இந்தக் கட்டளை இல்லை, ஆனால் இன்னின்ன பொதிகளை நிறுவினால் கிடைக்கும் என்று சில பெயர்களைக் காட்டியது. ஸிக்மண்ட் கிரினிட்ஸ்கி என்ற நிரலாளர் எழுதி உபுண்டுவில் சேர்ந்த சிறு கருவி இது. 'கமாண்ட்-நாட்-ஃபவுண்ட்' என்று பெயர். எந்தக் கட்டளை எந்தப் பொதிக்குள் இருக்கிறது என்று தொலைபேசிப் புத்தகம் போல ஒரு பட்டியலை அது வைத்திருக்கிறது. ஷெல் எல்லா அலமாரியையும் தேடிக் களைத்தபின், அந்தப் புத்தகத்தைப் பார்த்துச் சொல்கிறது.

ஸ்கிரிப்டுக்குள் ஏன் அது பேசவில்லை என்று கேட்பீர்கள். மனிதர் உட்கார்ந்து தட்டுகிற ஷெல்லில் மட்டும்தான் உபுண்டு அதை இணைத்திருக்கிறது. ஆளில்லாமல் ஓடுகிற ஸ்கிரிப்டுக்கு யோசனை சொல்லி என்ன பயன் என்பது எண்ணம். இதே வேலைக்கு இன்னும் முழுமையான ஒரு புத்தகமும் உண்டு. 'ஆப்ட்-ஃபைல்' என்ற கருவி கட்டளைகளை மட்டுமல்லாமல், களஞ்சியத்திலுள்ள ஒவ்வொரு கோப்பும் எந்தப் பொதியில் இருக்கிறது என்று தேடித்தரும். எழுத்துரு, நூலகக் கோப்பு போன்ற கட்டளைப் பெயரே இல்லாத பொருள்களுக்கு இதுதான் கைகொடுக்கும்.

பெயர்கள் தெரிந்தபின் 'இருக்கிறதா' என்று பார்க்கிற படி. கட்டளையென்றால் எளிது. 'கமாண்ட்' என்ற சொல்லோடு ஒரு சிறு கோடும் வி என்ற எழுத்தும் சேர்த்துக் கேட்டால், ஷெல் அலமாரிகளைப் பார்த்து 'இருக்கிறது' அல்லது 'இல்லை' என்று எண்ணால் சொல்லிவிடும். எழுத்துருவுக்கு அப்படிக் கேட்க முடியாது. டிபிகேஜியின் பதிவேட்டைத்தான் புரட்ட வேண்டும். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. நீக்கப்பட்ட பொதியின் பெயரும் சில நேரம் பதிவேட்டில் தங்கியிருக்கும், அதன் அமைப்புக் கோப்புகள் மட்டும் மிஞ்சியிருப்பதால். பெயர் இருக்கிறதே என்று நம்பிவிட்டால் ஏமாந்துபோவோம். பள்ளிப் பதிவேட்டில் பையன் பெயர் இருக்கும், பக்கத்தில் டி.சி. வாங்கிப் போய்விட்டான் என்றும் எழுதியிருக்கும். பெயரைப் பார்த்து வருகை போட்டால் தப்பு. அதனால் நம் ஸ்கிரிப்ட் பெயரோடு நிலைக்குறிப்பையும் படிக்கிறது. 'நிறுவப்பட்டது' என்று தெளிவாக இருந்தால்தான் விடுகிறது.

இல்லாதவை எவையென்று தெரிந்ததும் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஆப்டைக் கூப்பிடக்கூடாது. உப்புக்கு ஒரு தடவை, புளிக்கு ஒரு தடவை என்று யாரும் கடைக்குப் போவதில்லை. இல்லாத எல்லாவற்றையும் ஒரு சீட்டில் சேர்த்து ஒரே தடவை கொடுத்தால், கூட வரவேண்டிய பொதிகளையும் ஆப்ட் ஒரே கணக்கில் முடித்துவிடும். சீட்டு வெறுமையாக இருந்தால் கூப்பிடவே வேண்டாம். அதனால் இந்த ஸ்கிரிப்டை எத்தனை தடவை ஓட்டினாலும் கெடுதல் இல்லை. இரண்டாம் தடவை எல்லாம் இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பேசாமல் முடிந்துவிடும்.

நிறுவலுக்கு முன் 'அப்டேட்' என்ற படி ஒன்று உண்டு. பெயரைப் பார்த்து, அது மென்பொருளைப் புதுப்பிக்கிறது என்று பலர் எண்ணுகிறார்கள். அது விலைப்பட்டியலை மட்டும் புதிதாக வாங்கிவருகிறது. மூன்று மாதம் பூட்டிக்கிடந்த கணினியில் பழைய பட்டியலை வைத்துக்கொண்டு நிறுவச் சொன்னால், களஞ்சியத்திலிருந்து எப்போதோ எடுக்கப்பட்டுவிட்ட பழைய பதிப்பைத் தேடிப்போய் ஆப்ட் வெறுங்கையோடு திரும்பும். இன்னொன்று: ஸ்கிரிப்டில் 'ஆப்ட்' என்று எழுதாமல் 'ஆப்ட்-கெட்' என்று எழுதுவது நல்லது. முன்னது மனிதர் பார்க்க அழகாக 2014இல் வந்தது. அதன் பேச்சுமுறை பின்னர் மாறலாம், ஸ்கிரிப்டில் எச்சரிக்கையாக இருங்கள் என்று அதுவே சொல்கிறது.

ஆளில்லாமல் ஓடுகிற வேலைக்கு இரண்டு தடைகள் வரும். முதலாவது கேள்விகள். நிறுவட்டுமா என்று ஆப்ட் கேட்பதற்கு 'ஆம்' என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். ஆனால் சில பொதிகள் தங்கள் பங்குக்கும் கேட்கும். நேர மண்டலத்துக்கான 'டிஇசட்-டேட்டா' பொதி, வெறுமையான கணினியில், நீ எந்தக் கண்டம், எந்த நகரம் என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும். ஆளில்லாத அறையில் விடியும்வரை காத்திருக்கும். கேள்வி கேட்காதே, இயல்பான விடையையே எடுத்துக்கொள் என்று சொல்ல ஓர் அமைப்பு உண்டு. அதை ஸ்கிரிப்டின் தலையில் எழுதிவிட வேண்டும். இரண்டாவது பூட்டு. கணினியைத் திறந்ததும் உபுண்டு தானாகவே பாதுகாப்புத் திருத்தங்களை இறக்கத் தொடங்கும். அந்த நேரத்தில் பதிவேட்டைப் பூட்டி வைத்திருக்கும். நம் ஸ்கிரிப்ட் போய்க் கதவைத் தட்டினால் தோற்றுத் திரும்பும். ஐந்து நிமிடம் வரை காத்திரு என்று ஆப்டிடம் சொல்லிவைத்தால் போதும். எங்கள் பத்துக் கணினிகளில் நான்கு இந்தப் பூட்டில்தான் முதலில் நின்றன.

இவ்வளவும் கேட்டுவிட்டு மாஸ்டர் ஒரு நல்ல கேள்வி கேட்டார். "ஆரோ ஒருத்தன் இடையில நிண்டு பொதியை மாத்திவிட்டால்?" அவருக்குப் புரிகிற உவமை என் கையில் இருந்தது. பரீட்சை வினாத்தாள் கட்டு அரக்கு முத்திரையோடு வரும். மண்டபத்தில் எல்லோர் முன்னாலும் முத்திரையைப் பார்த்துத்தான் பிரிப்பார்கள். வந்த வண்டி நல்ல வண்டியா என்பது அதற்குப் பிறகு பெரிய விஷயமில்லை. களஞ்சியமும் அப்படித்தான். ஒவ்வொரு பொதிக்கும் கைரேகை போன்ற ஒரு நீண்ட எண் உண்டு. அந்த எண்கள் பட்டியலில் இருக்கும். பட்டியலின் கைரேகை இன்னொரு கோப்பில் இருக்கும். அந்தக் கோப்பின் மேல் களஞ்சியக்காரரின் மறைகுறிக் கையொப்பம் இருக்கும். ஒரு எழுத்து மாறினாலும் கணக்கு உதைக்கும், ஆப்ட் மறுத்துவிடும். உபுண்டுவைத் தொடங்கிய ஷட்டில்வொர்த் அதற்கு முன் செல்வம் ஈட்டியதும் இதற்கு நெருங்கிய தொழிலில்தான். இணையதளங்களின் அடையாளத்துக்குச் சான்றிதழ் தரும் தாட் என்ற நிறுவனத்தை 1999இல் அவர் வெரிசைனுக்கு விற்றார்.

இனி ஆசை வரும். பட்டியல் எதற்கு, கட்டளை இல்லையென்றால் கணினியே புத்தகத்தைப் பார்த்து, கேட்காமல், தானாக நிறுவிக்கொள்ளட்டுமே? டெபியனில் முன்பு 'ஆட்டோ-ஆப்ட்' என்ற கருவி ஏறக்குறைய இதைத்தான் செய்தது. ஒரு நிரல் இல்லாத கோப்பைத் திறக்கப் போனால் இடையில் பிடித்து, அந்தக் கோப்புள்ள பொதியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, வழிவிடும். கெட்டிக்காரத்தனமான வேலை. ஆனாலும் நான் இந்த வழியை வேண்டாம் என்பேன்.

எளிய காரணம், புத்தகம் ஒரே பெயரைச் சொல்வதில்லை. 'கன்வர்ட்' என்று தட்டினால் உபுண்டு காட்டுவது இமேஜ்மேஜிக்கின் பொதியை மட்டுமல்ல. கிராஃபிக்ஸ்மேஜிக் என்ற வேறொரு மென்பொருளுக்காக அதே பெயரில் கட்டளை வைத்திருக்கிற பொதியையும் காட்டுகிறது. எது வேண்டும் என்று நமக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது.

கனமான காரணம் 2024 பிப்ரவரியில் வெளிவந்தது. அக்வா செக்யூரிட்டி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 'கமாண்ட்-நாட்-ஃபவுண்ட்' என்ற இதே யோசனைக் கருவியை ஆராய்ந்தார்கள். அது ஆப்ட் களஞ்சியத்தோடு ஸ்னாப் என்ற இன்னொரு கடையிலிருந்தும் பெயர் சொல்கிறது. அந்தக் கடையில் அப்போது யார் வேண்டுமானாலும் காலியாக இருந்த பெயரில் பலகை மாட்ட முடிந்தது. 'ஜூபிட்டர்-நோட்புக்' என்ற கட்டளைக்கு ஆப்டில் நேர்மையான பொதி உண்டு. ஸ்னாப் கடையில் அந்தப் பெயர் காலியாக இருந்தது. ஆய்வாளர்கள் தாங்களே அதைப் பதிவு செய்துகாட்டினார்கள். யோசனைக் கருவி அதை நேர்மையான பொதிக்கும் முன்னால் சொன்னது. ஆப்ட் பொதிகளின் கட்டளைகளில் 26 சதவீதம் வரை இப்படிப் பெயர் பறிபோகக்கூடியவை என்று கணக்கிட்டார்கள். விரல் தவறித் தட்டுகிற பிழைப்பெயர்களிலும் இதே ஆபத்து. அரக்கு முத்திரை இங்கே உதவாது. கட்டு முத்திரையோடுதான் வரும், அனுப்பியவர்தான் வேறு ஆள்.

யோசனைக் கருவியை எழுதியவர்களும் இதில் கவனமாகத்தான் இருந்திருக்கிறார்கள். விரும்பினால் ஓர் அமைப்பை மாற்றி, நிறுவட்டுமா என்று அது உடனே கேட்கும்படி செய்யலாம். அந்தக் கேள்வியின் முடிவில் இரண்டு எழுத்துகள் இருக்கும்: 'வேண்டாம்' என்பதற்கான எழுத்து பெரியதாக, 'ஆம்' என்பதற்கானது சிறியதாக. பெரியதுதான் வெறுமனே என்டர் தட்டினால் போகிற விடை. ஃபெடோராவிலும் இதே கேள்வி உண்டு. அங்கேயும் பெரிய எழுத்து 'வேண்டாம்'தான்.

ஆகவே எங்கள் ஸ்கிரிப்ட் எதையும் ஊகிப்பதில்லை. அதன் தலையில் மனிதர் எழுதிய ஒரு பட்டியல் இருக்கிறது. ஒவ்வொரு வரியிலும் சமையலறைப் பெயர், கடைப் பெயர், இது எதற்கு வேண்டும் என்று தமிழில் ஒரு குறிப்பு. படத்தை நிமிர்த்த இமேஜ்மேஜிக், எழுத்தைப் பிரிக்க டெசராக்டும் அதன் தமிழ்ப் பொதியும், காட்ட லோஹித் எழுத்துரு, தட்டச்சுக்கு ஐபஸ் என்ற தட்டச்சுக் கருவியின் தமிழ் விசைப்பலகை வரும் பொதி. பட்டியலில் இல்லாத எதையும் அது தொடாது. பட்டியலில் உள்ளது களஞ்சியத்தில் கிடைக்காவிட்டால் பெயரைச் சொல்லிவிட்டு நின்றுவிடும், முன்பு போல அடுத்த வரிக்குத் தாவாது. நிர்வாகியின் சாவியை நிறுவுகிற வரிகளுக்கு மட்டும் கொடுத்திருக்கிறோம், முழு ஸ்கிரிப்டுக்கும் கொடுக்கவில்லை.

பட்டியலை எழுதிவைத்துவிட்டு மறந்துவிடவும் கூடாது. கடைக்காரர்கள் பெயரை மாற்றுவார்கள். உபுண்டு 24.04இல், 2038ஆம் ஆண்டில் பழைய கணினிக் கடிகாரங்கள் நிரம்பி வழியப்போவதற்கான முன்னேற்பாடாக, ஏராளமான நூலகப் பொதிகளின் பெயருக்குப் பின்னால் டி64 என்ற வால் ஒட்டப்பட்டது. ஒலிக்கான 'லிப்-ஏசவுண்ட்2' என்ற பழைய பெயரைக் கேட்ட ஸ்கிரிப்டுகள், எந்தப் பொதி என்று நீங்களே தேர்ந்தெடுங்கள் என்ற பதிலோடு நின்றன. எழுதியவர்கள் தவறு செய்யவில்லை. அவர்கள் எழுதியபோது அந்தப் பெயர் சரியாகத்தான் இருந்தது.

தேநீர் முடிந்தபோது 'கன்வர்ட்' பத்துக் கணினியிலும் வந்துவிட்டது. மாஸ்டர் பட்டியலை ஒரு தாளில் தன் கையெழுத்தில் எழுதி அறிவிப்புப் பலகையில் குத்திவைத்தார். உங்கள் ஊர்த் தமிழ் வகுப்புக்கும் பழைய மடிக்கணினிகள் வந்திருந்தால், ஸ்கிரிப்டைத் திறப்பதற்கு முன் இப்படி ஒரு தாள் எழுதுங்கள். அதில் முதல் வரியாக உங்கள் லினக்ஸின் பெயரையும் பதிப்பு எண்ணையும் எழுதுங்கள். எங்கள் தாளில் உபுண்டு 24.04 என்று இருக்கிறது.